சிஸ்டர் பிரகாசி கால் நீட்டினார்

திண்டுக்கல் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம். அதற்குத் தலைவி சிஸ்டர் பிரகாசி. அடேயப்பா, என்ன உழைப்பு! விடியுமுன்னே எழுந்து கழிவறைகளைக் கழுவிவிடுவார். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டுவார். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, பாத்திரத்தின் அடியில் மிஞ்சியதை வழித்துச் சாப்பிடுவார். தலைவி என்று ஒரு நாள்கூட நாற்காலியில் சாய்ந்தவர் இல்லை.

அப்பேர்ப்பட்டவரை விட்டுத்தான் கூட இருந்த மூன்று கன்னியரும் மாற்றல் கேட்டிருந்தார்கள். அவர்கள் போய்விட்டால் இல்லத்தை மூட வேண்டியதுதான். அங்கே இருந்த முதியவர்களுக்கோ போக்கிடம் கிடையாது.

விஷயம் கேள்விப்பட்டு மடத்துத் தலைமை அன்னை மதர் செசிலி நேரிலேயே வந்தார். பிரகாசியைவிட வயதில் இளையவர். ஆனாலும் பிரகாசிக்கு அவர்தான் குரு. எந்தச் சிக்கல் என்றாலும் அவர் முன்னால்தான் போய் நிற்பார்.

"நான் யாரையும் அதட்டினது இல்லை மதர். அசிங்கமான வேலையெல்லாம் நானே செய்றேன். தலைவனா இருக்கிறவன் பணிவிடை செய்யணும்னுதானே ஆண்டவர் சொன்னார்? பிறகு ஏன் என்னை விட்டுப் போறாங்க?"

என்று மதரிடம் முறையிட்டார் பிரகாசி.

"சமையல் ஆயிடுச்சா?" என்றார் மதர்.

பிரகாசிக்குச் சுருக்கென்றது. மனசைக் கொட்டினால் சாப்பாட்டை விசாரிக்கிறாரே! ஆனாலும் சமையல்கட்டுக்கு அழைத்துப் போனார்.

அங்கே அந்த மூவரில் ஒருவரான சிஸ்டர் ஜெனோவா அடுப்பிலிருந்து கஞ்சி அண்டாவை இறக்கப் போனார். பிரகாசி ஓடிப்போய் அவர் கையிலிருந்த பிடிதுணியை வாங்கிக்கொண்டார்.

"விடுங்க சிஸ்டர், உங்களுக்கு ஏன் சிரமம்?"

"ஆளுக்கொரு பக்கமாப் பிடிப்போமே."

"வேண்டாம், நான் பாத்துக்கிறேன்."

ஜெனோவா கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கினார். முகம் வாடிப்போனது.

தனியாளாய்த் தூக்கியதில் அண்டா ஒரு பக்கம் சாய்ந்தது. கொதிக்கிற கஞ்சி பிரகாசியின் பாதத்தில் கொட்டியது.

"ஐயோ மாதாவே!"

ஜெனோவாதான் அவரைத் தாங்கிப் பிடித்து உட்காரவைத்தார். காலில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். எரிச்சல் கொஞ்சம் அடங்கியதும் ஓடிப்போய் மருந்தை எடுத்துவந்து எதிரே மண்டியிட்டார். பிரகாசி வெடுக்கென்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்லை. குடுங்க, நானே போட்டுக்கிறேன்."

மருந்தோடு நீட்டிய கை அப்படியே நின்றது. ஜெனோவாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எதுக்குமே நாங்க வேண்டாமா சிஸ்டர் உங்களுக்கு?"

பிரகாசி திகைத்துப்போய் மதரைப் பார்த்தார்.

"அன்னிக்கு ஆண்டவர் தன் சீடர்களோட பாதம் கழுவ வந்தப்போ, காலைத் தரமாட்டேன்னு அவங்கள்ல ஒருத்தர் அடம்பிடிச்சார்" என்றார் மதர். "பாவம், அவரும் அதைப் பணிவுன்னுதான் நினைச்சிருப்பார்."

பிரகாசி தலையைக் குனிந்துகொண்டார். சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் மெதுவாகக் காலை நீட்டினார்.

ஜெனோவா பதமாக மருந்தைத் தடவினார்.

"வலிக்குதா?"

"வலிக்குதும்மா" என்றார் பிரகாசி. அந்த வீட்டில் அவர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதே இல்லை.

சத்தம் கேட்டு வந்த மற்ற இருவரும் மிச்சக் கஞ்சியோடு அண்டாவைத் தூக்கிப் போனார்கள். மருந்து போட்டு முடித்த ஜெனோவாவும் அவர்கள் பின்னால் போனார். சாப்பாட்டுக் கூடத்தில் மூவரும் பரிமாறுகிற சத்தம் கேட்டது. நடுவே யாரோ சிரித்தார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்த பிரகாசிக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"அப்போ, எல்லாருக்கும் வேலைக்காரியா கடைசி இடத்தில நான் உட்கார்ந்தது தப்பா மதர்?"

"அது ரொம்ப நல்ல இடமாச்சே சிஸ்டர்! அவங்களுக்கும் அதில உட்கார ஆசை இருக்காதா? கொஞ்சம் நகர்ந்து இடம் விடுங்க."