நாற்பதாவது கயிறு

“இந்தக் கல்லு என்னைக் கொல்லுது, ஆசானே,” என்றான் பெராயா.

“கல்லு கொல்லாது. அதைத் தாண்டினாத்தான் சாவு,” என்றார் மல்கியேல்.

பெராயா மரம் வெட்டுகிறவன்; மல்கியேலிடம் வேதம் படிக்கிறவன். ஒருநாள் அவன் கோடாரி காம்பை விட்டுக் கழன்று பறந்தது. பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்த யாசூப் அங்கேயே செத்தான். வேண்டுமென்று செய்ததில்லைதான். ஆனாலும் செத்தவன் செத்தவன்தானே.

இப்படிப்பட்டவனுக்கு எபிரேயரின் வேதம் ஒரு வழி வைத்திருந்தது. அவன் அடைக்கலப்பட்டணத்துக்கு ஓடிவிடலாம். பட்டணத்துச் சுவரிலிருந்து இரண்டாயிரம் முழம் வரை யாரும் அவனைத் தொடக் கூடாது. அந்த எல்லையில் ஒரு கல் நட்டிருந்தார்கள். அதற்கு அப்பால் ஓர் அடி வைத்தாலும் செத்தவனின் அண்ணன் அவனை வெட்டிப் போடலாம். கேட்பாரில்லை.

சீடன் அடைக்கலம் போனால் ஆசானும் கூடப் போக வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். இருவருக்கும் ஐம்பது வயது இருக்கும். மல்கியேல் ஒரு குற்றமும் செய்யாமல் மூட்டை கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

“உன் கோடாரி கழண்டுச்சு, என் குடித்தனம் பெயர்ந்துச்சு,” என்று சொல்லிச் சிரிப்பார்.

பெராயாவுக்குச் சிரிப்பு வராது.

ஏனென்றால் யாசூப்பின் அண்ணன் எத்னான், எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் தினமும் வந்து உட்கார்ந்திருந்தான். மடியில் வாள். பெராயாவும் தினமும் போய், இந்தப் பக்கம் பத்தடி தள்ளி நின்று அவனைப் பார்த்துவிட்டு வருவான். பார்த்தால் பயம். பார்க்காவிட்டால் இன்னும் பயம்.

“அவன் வாள் எப்படி இருக்கும்?” என்று கேட்டார் ஆசான்.

“பிடியில செம்புக் கம்பி சுத்தியிருக்கு. நுனி கொஞ்சம் உடைஞ்சிருக்கு.”

“நம்ம தெருவுல எத்தனை கிணறு?”

பெராயா யோசித்தான். அவன் வந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது.

“தெரியல.”

“சரி. கெவூல்னா என்ன?”

அவர்கள் மொழியில் அது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல்.

“எல்லை.”

“அவ்வளவுதானா?”

“வேற என்ன?”

“எல்லைக்குள்ள கிடக்கிற நிலத்துக்கும் அதே பேருதான். வேதத்துல எத்தனை தடவை படிச்சிருக்கே!”

பெராயாவுக்குக் கோபம் வந்தது. உயிர் ஊசலாடுகிறவனிடம் போய் இலக்கணமா?

மறுநாள் காலையில் அவன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

“ஆசானே, எத்னானைக் காணோம்! சலிச்சுப்போய் ஊருக்குப் போயிட்டான். இன்னைக்கு நான் அந்தக் கல்லு மேலேயே போய் உக்காரப் போறேன். உங்களையும் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்.”

மல்கியேலின் முகம் வெளுத்தது.

“கிட்டப் போனியா?”

“இன்னும் போகல.”

ஆசான் உள்ளே போய் ஒரு கயிற்றை எடுத்து வந்தார். ஐம்பது முழக் கயிறு. நாற்பது தடவை இழுத்துப் பிடித்தால் இரண்டாயிரம் முழம். ஒரு முனையைச் சீடன் கையில் கொடுத்தார்.

“சுவர்லேர்ந்து அளந்துக்கிட்டே போ.”

“எதுக்கு? கல்லுதான் கண்ணுக்குத் தெரியுதே.”

“அள.”

அளந்தார்கள். பத்தாவது கயிறு ஒரு திராட்சைத் தோட்டத்தில் முடிந்தது. இருபத்திரண்டாவது, ஒரு கிணற்றடியில். இவ்வளவு நாளும் இந்த வழியாகத்தான் பெராயா போய்வந்தான். இரண்டையும் இன்றுதான் பார்த்தான்.

முப்பதைத் தாண்டியதும் வெறும் பொட்டல். தூரத்தில் கல்லும், அதன் பின்னால் ஓர் அத்திமரமும்.

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

நாற்பதாவது கயிறு விறைத்து நின்றது. கல் இன்னும் பதினைந்து முழம் தள்ளி இருந்தது.

“கயிறு சுருங்கிப்போச்சு, ஆசானே.”

மல்கியேல் நடந்து வந்து, அவன் காலடியில் கிடந்த சருகுகளைக் காலால் ஒதுக்கினார். அடியில் ஒரு குழி. ஈர மண். ஒரு கல் நிற்கும் அளவு.

வாளை மனப்பாடம் செய்தவன் தரையை ஒருநாளும் பார்க்கவில்லை.

அத்திமரத்தின் பின்னாலிருந்து எத்னான் எழுந்து வந்தான்.

“ஏன் நின்னுட்டே? கல்லு இங்க இருக்கு. இதுவரைக்கும் உன் இடம்தான், வா.”

“எல்லைக்கல்லை நகத்தறவன் மேல சாபம் இருக்கு, எத்னான்,” என்றார் மல்கியேல்.

“இருந்துட்டுப் போகட்டும். தம்பி செத்ததுலேர்ந்து எங்கம்மா வாயே திறக்கல. அதைவிடவா ஒரு சாபம்?” அவன் குரல் உடைந்தது. வாள் மட்டும் ஆடவில்லை.

பெராயா திரும்பிப் பார்த்தான். ஓடிவிடலாம், ஊர் பின்னாலேயே இருக்கிறது. ஆனால் அவன் ஓடவில்லை. அந்த இடத்திலேயே குந்தி உட்கார்ந்து, கயிற்றின் முனையை மண்ணில் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

எத்னான் பதினைந்து முழத்தையும் நடந்து கடந்தான். கயிற்றின் முனைக்கு எதிரே வந்து நின்றான். அவன் மூச்சு பெராயாவின் முகத்தில் பட்டது.

“பயம் போச்சா?” என்று மெதுவாகக் கேட்டார் ஆசான்.

“போகல, ஆசானே. கயிறு முடியிற இடத்துக்கு அந்தப் பக்கம் நிக்குது.”