பாதி மழித்த தலை

பினாங்கில் ஒரு மலையடிவாரத்தில் சின்னச்சாமி மடம் என்று ஒன்று இருந்தது. மடத்தைத் தொடங்கிய பெரியசாமி காலமாகி எத்தனையோ வருஷமாகியும், அவருக்குப் பிறகு மடத்துக்கு வந்தவரைப் பெரியசாமி என்று கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. அவரும் அதற்காக விசனப்பட்டவராகத் தெரியவில்லை. ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத்தையும் இந்தத் தீவையும் தாண்டி வேறெந்த ஊரையும் பார்த்ததில்லை. தமிழ்நாடு எந்தப் பக்கம் என்று யாராவது கேட்டால் கடலைக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

அவருடைய சீடர்களில் வைத்திலிங்கம் ஒருவர். சீடர் என்றதும் இளவட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. சாமிக்கு நாற்பது சொச்சம். வைத்திலிங்கம் அறுபதைத் தொடப் போகிறவர். அதனால் சாமி அவரை 'வைத்தியண்ணே' என்று கூப்பிடுவார். அவரோ சாமியை வணங்காமல் படியேற மாட்டார். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து முடிவெட்டும் வேலைக்கு வந்து, ஒரே கடையில், ஒரே நாற்காலிக்குப் பின்னால் நின்றே இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியவர் அவர்.

பௌர்ணமிதோறும் விடிந்ததும் மடத்துக்கு வந்து சாமியின் தலையை மழித்துவிடுவார். மற்ற சீடர்கள் சாமியின் காலைத் தொட்டதோடு சரி. தலையைப் பிடித்துத் திருப்பி, "குனிங்க சாமி" என்று அதட்டும் உரிமை வைத்திலிங்கம் ஒருவருக்குத்தான் உண்டு.

அந்தப் பௌர்ணமியன்று மனிதர் வந்த நடையே சரியில்லை.

"பசியாறிட்டீங்களாண்ணே?" என்றார் சாமி.

"ஆச்சு சாமி."

அது பொய். முதல் நாள் வீட்டிலிருந்து போன் வந்ததிலிருந்தே அவருக்குச் சோறு இறங்கவில்லை. சாமியைக் கொல்லைப்புறத்துப் பலகையில் உட்காரவைத்து, தலைக்குத் தண்ணீர் தடவி ஊறவிட்டு, கத்தியில் புது பிளேடு மாட்டினார்.

"ஒண்ணு கேக்கணும் சாமி."

"கத்தி உங்க கையில இருக்கு. நான் எங்க ஓடப் போறேன்? கேளுங்க."

"ஊருக்குப் போயிடலாமான்னு இருக்கு."

"லீவுலயா?"

"இல்ல சாமி. ஒரேயடியா."

சாமி தலையைக் குனிந்துகொண்டார். வைத்திலிங்கம் வலப்பக்கத்திலிருந்து மழிக்கத் தொடங்கினார். கை வேலையில் இறங்கியதும் வாயும் தானாகத் திறந்துகொண்டது.

"பெர்மிட் புதுப்பிக்கணும். நாளைக்குக் காலையில பாஸ்போர்ட்டைக் கொண்டாந்து குடுங்கன்னு முதலாளி சொல்லிட்டாரு. குடுத்தா இன்னும் ரெண்டு வருஷம். குடுக்கலைன்னா கிளம்பணும். எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்குது."

"வீட்ல என்ன சொல்றாங்க?"

"அவ இதுநாள் வரைக்கும் வாயத் திறந்து வாங்கன்னு கூப்பிட்டதில்ல சாமி. பொண்ணு கல்யாணம் முடியட்டும்னு நான் சொன்னேன், சரின்னா. மாடி கட்டி முடியட்டும்னேன், அதுக்கும் சரின்னா. அப்புறம் வருஷா வருஷம் தீபாவளி கழியட்டும்னு சொல்லிக்கிட்டு வந்தேன். அதுக்கும் மறுபேச்சுப் பேசல. நேத்து போன்ல, அடுத்த தடவ வரும்போது என்ன வாங்கியாரட்டும்னு கேட்டேன். எப்பவும் கேக்கறதுதான். கோடாலித் தைலம், பிஸ்கட் டின், பக்கத்து வீட்டுக்கு ஒரு போர்வைன்னு அவளும் சொல்லுவா. நேத்து மட்டும், 'ஒண்ணும் வேண்டாம், வெறுங்கைய வீசிக்கிட்டு வாங்க'ன்னுட்டா. கோவமா, கூப்பிடறாளான்னு புரியல."

"அதைக் கேட்டதும் உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"உடனே கிளம்பிடலாம்னு இருந்துச்சு. அப்புறம் பயம் வந்துடுச்சு."

"எதுக்கு பயம்?"

வைத்திலிங்கம் பிளேடைத் தண்ணீரில் அலசினார். அலச வேண்டியதற்கு மேலேயே அலசினார்.

"போன லீவுல நடந்தது சாமி. சாப்பிட உட்கார்ந்தேன். நல்ல தட்டா எடுத்து வச்சா. மீன் குழம்பு ஊத்துனா. நான் கொஞ்சம் தயங்குனேன்போல இருக்கு. 'கூச்சப்படாம சாப்பிடுங்க'ன்னு சொல்லிட்டா."

சாமி திரும்பிப் பார்த்தார்.

"விருந்தாளிக்குச் சொல்ற வார்த்தை சாமி. கட்டின புருஷன்கிட்ட, என் சொந்த வீட்ல வச்சு! சொன்னதும் அவளே நாக்கைக் கடிச்சுக்கிட்டா. ரெண்டு பேருமே அதக் கேக்காத மாதிரி இருந்துட்டோம். தெருவுல இறங்கினா எதிர்ப்படறவன் எல்லாம், எப்ப வந்தீங்கன்னு கேட்டு வாய மூடலை, எப்ப போறீங்கன்னு கேக்குறான். நான் போய் அங்க நிரந்தரமா உட்கார்ந்தா யாருக்கு என்னவா இருப்பேன்? எனக்கே அந்த வீட்ல சக்கரை டப்பா எங்க இருக்குன்னு தெரியாது."

"எப்ப போறீங்கன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

"தேதியச் சொல்வேன். டிக்கெட் கையிலதானே இருக்கு."

"சொல்றதுக்குத் தேதி இருக்கற வரைக்கும் கேக்கத்தானே செய்வாங்க?"

வைத்திலிங்கத்துக்கு அது சுருக்கென்று பட்டது. ஆனாலும் விடவில்லை.

"நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க சாமி. போகவா, இருக்கவா? எது சொன்னாலும் அப்படியே செஞ்சுடறேன்."

அதற்குள் வலப்பக்கம் முடிந்திருந்தது. அந்தப் பாதி, தேய்த்த வெண்கலக் கிண்ணம் மாதிரி பளபளத்தது. இடப்பக்கத்தில் ஒரு மாத முடி கருகருவென்று இருந்தது. கத்தி அந்தப் பக்கம் போகும் நேரத்தில் சாமி கையை உயர்த்தினார்.

"போதும்ணே" என்று எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

ஏதோ அவசரம், இப்போது வந்துவிடுவார் என்று வைத்திலிங்கம் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றார். சாமி வரவில்லை. வாசலில் கார் ஹாரன் கேட்டது. எட்டிப் பார்த்தார். புதுக் காருக்குப் பூஜை போட ஒரு குடும்பம் வந்திருந்தது. சாமி அந்தத் தலையோடு அவர்கள் முன்னால் நின்று கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்.

கார்க்காரரின் மனைவி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டார். கார்க்காரர் சாமியோடு படம் எடுக்கப் போனை எடுத்தவர், ஒரு தடவை பார்த்துவிட்டு அதைச் சட்டைப் பையிலேயே போட்டுவிட்டார். சாமிதான் எப்போதும் போல எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து, "பாத்து ஓட்டுங்க, போயிட்டு வாங்க" என்று விபூதி கொடுத்து அனுப்பினார்.

கார் கிளம்பியதும் வைத்திலிங்கம் ஓடி வந்தார்.

"சாமி, உட்காருங்க சாமி. அஞ்சே நிமிஷம். முடிச்சிடறேன்."

"அடுத்த வாரம் பாத்துக்கலாம்ணே."

"அடுத்த வாரமா? சாயங்காலம் பௌர்ணமி பூஜைக்கு ஊரே வருமே!"

"வரட்டும்."

சாமி செடிகளுக்குத் தண்ணீர் விடப் போனார். வைத்திலிங்கம் கையில் கிண்ணத்தோடு அவர் பின்னாலேயே போனார். அவரைப் பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது. முன்னால் போகும் தலையை வலப்பக்கம் பார்த்தால் சந்நியாசி, இடப்பக்கம் பார்த்தால் யாரோ. சாமி மடப்பள்ளிக்குப் போனால் இவரும் போனார். சாமி வாசலுக்குப் போனால், இப்போது யார் வந்து தொலைப்பார்களோ என்று இவர் தெருவை எட்டிப் பார்த்தார். சாமி செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்கே கிளம்பியபோது அவருக்குத் தாங்கவில்லை. வழியை மறித்துக்கொண்டார்.

"என் மேல ஏதாச்சும் கோவம்னா திட்டிடுங்க சாமி. இப்படிப் பண்ணாதீங்க."

"கோவமே இல்ல. தீபாவளி கழியட்டும்ணே, முடிச்சிடலாம்."

தீபாவளி என்று காதில் விழுந்ததும் வைத்திலிங்கத்தின் முகம் மாறியது. ஆனாலும் தொழில்காரன் ரோஷம் முந்திக்கொண்டது.

"எங்க தொழில்ல இப்படிக் கிடையாது சாமி. பாதித் தலையோட ஒருத்தர எழுப்பி விடறது பாவம். கடைக்குத் தீப்பிடிச்சாக்கூட முடிச்சிட்டுத்தான் ஓடணும்னு எங்க அப்பா சொல்லுவாரு. ஒருத்தர் நம்பித் தலையைக் குடுத்துட்டு உட்கார்ந்திருக்காங்க. பாதியில விட்டுட்டு நாம எங்க போறது?"

சொல்லி முடித்துவிட்டு அவர் அப்படியே நின்றார். தன் வாயிலிருந்து வந்த பேச்சு தன் காதுக்கே வேறு மாதிரிக் கேட்டது.

சாமி செருப்பைக் கழற்றினார். மெல்லக் கேட்டார்.

"ஊர்லேர்ந்து முதமுதல்ல கிளம்பினப்ப வீட்ல என்ன சொல்லிட்டு வந்தீங்க?"

"எல்லாரும் சொல்றதுதான் சாமி."

"என்னன்னு?"

"போயிட்டு வரேன்னு."

"யார்கிட்ட?"

"அவகிட்டதான். வாசப்படியில நின்னா. அப்ப மக இடுப்புல இருந்தா."

"போயிட்டீங்க," என்றார் சாமி. "மீதி?"

வைத்திலிங்கம் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"லீவுக்கெல்லாம் போனேனே சாமி" என்றார் கடைசியில். அதில் வலுவே இல்லை.

"ஆமா. லீவுக்குக் கிளம்பும்போதெல்லாம் இங்க வந்து எங்கிட்டயும் அதையேதான் சொல்வீங்க. எனக்குச் சொன்ன சொல்ல ஒரு தடவைகூடத் தப்பவிட்டதில்ல நீங்க."

சாமி தானாகவே கொல்லைப்புறம் போய்ப் பலகையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தார். வைத்திலிங்கம் இடப்பக்கத்துக்கு மறுபடியும் தண்ணீர் தடவினார். கண் மறைத்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிறகுதான் எடுத்தார். மீதியையும் மழித்தார். அவ்வளவு நிதானமாக அவர் யாருக்கும் மழித்ததில்லை. ஈரத் துண்டால் துடைத்துவிட்டு, காதோரம் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் விட்டுப்போகவில்லை.

"மறுபடியும் கூச்சப்படாம சாப்பிடுங்கன்னு சொல்லிட்டான்னா?" என்றார், கத்தியை மடக்கியபடி.

"இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துன்னு சொல்லிப் பாருங்களேன்."

வைத்திலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. அதை அவர் மறைக்கவில்லை.

பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். சாமி கூடவே வந்தார். முதலாளிக்கு என்ன சொல்வது என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பேச வேண்டியும் இருக்கவில்லை. வைத்திலிங்கம் கீழே விழுந்து வணங்கி எழுந்தார். சாமி நெற்றியில் விபூதி பூசினார்.

"போயிட்டு வரேன் சாமி."

எப்போதும் "வாங்கண்ணே" என்று வரும் பதில் வரவில்லை. சாமி விபூதித் தட்டைப் பிடித்தபடி நின்றார்.

"போயிட்டு வரேன் சாமி" என்றார் மறுபடியும்.

"அந்தச் சொல்ல ஏற்கெனவே ஒருத்தங்ககிட்டக் குடுத்தாச்சுண்ணே. எனக்கு வேண்டாம்."

"பின்ன நான் என்ன சொல்ல?"

"போறேன்னு சொல்லுங்க."

வைத்திலிங்கம் பதறிவிட்டார். பிறந்ததிலிருந்து எந்த வாசலிலும் அவர் அப்படிச் சொன்னதில்லை. சின்ன வயதில் ஒரு தடவை பள்ளிக்கூடம் கிளம்பும்போது தெரியாமல் சொல்லிவிட்டு, அம்மா வாயிலேயே போட்டது ஞாபகம் இருந்தது.

"அப்படிச் சொல்லக் கூடாது சாமி. திரும்பி வராதவங்க சொல்றது அது."

"ஆமாண்ணே" என்றார் சாமி. "இங்க அதைச் சொல்லிட்டாத்தான் அங்க போய் வந்துட்டேன்னு சொல்ல முடியும்."

வைத்திலிங்கம் படியில் நின்றார். இந்த வாசலில் பசியோடு வந்து நின்ற நாளும், காய்ச்சலில் கிடந்தபோது இந்தச் சாமியே கஞ்சி கொண்டுவந்து கொடுத்த நாளும் அவர் நினைவுக்கு வந்தன. எதிரில் அப்போதுதான் மழித்து முடித்த தலை பளபளத்தது. அடுத்த பௌர்ணமிக்கு அதை யார் தொடுவார்கள் என்று கேட்க நினைத்தார். கேட்டால் கால் நகராது என்று தெரிந்ததால் கேட்கவில்லை.

"போறேன் சாமி" என்றார்.

சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டார், அடி விழும் என்பது போல.

அந்த மடத்து வாசலில் வந்தவர் எவரையும், கடன் கேட்டு வந்தவரைக்கூட, சாமி "வாங்க" என்று சொல்லாமல் வழியனுப்பியதில்லை. இப்போது தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் கூப்பினார்.

"போங்கண்ணே."