மகளிர் கல்லூரி மாணவன்

"அம்மா, ஒரு மணி நேரம் சேலை கட்டிக்கிட்டுப் போயிட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டான் பரிதி.

பவளம் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எங்கே?"

"காலேஜுக்கு. சர்டிபிகேட் வாங்க."

"ம்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. அவனே சொல்லி முடிக்கட்டும் என்று இன்னொரு மீனை எடுத்தாள்.

*

பவளம் அந்தக் காவிரிக்கரை ஊரில் திருநங்கைகளுக்குக் குரு. குரு என்றதும் ஆசிரமம், காவி என்று நினைக்க வேண்டாம். பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீடு. சாயங்காலமானால் வாசலில் மீன் வறுவல் கடை. பரிதியைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவள். ஆனாலும் எல்லோருக்கும் அம்மா.

பரிதி திருநம்பி. பெண் என்று மற்றவர்கள் சொன்னது தனக்குப் பொருந்தாமலே வளர்ந்து, கல்லூரியின் கடைசிப் பரீட்சை முடிந்ததும் முடியை வெட்டி, இளம்பரிதி என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டவன். வீட்டில் கதவைச் சாத்தினார்கள். அதற்கு முன்னால் அவனுக்கு வேறொரு பெயர் இருந்தது. அது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

பவளத்திடம் வந்து நின்ற அன்று, "என்னையும் சேர்த்துக்கங்கம்மா. ஆனா நான் உங்க வழியில வந்தவன் இல்லை. எதிர்ப்பக்கமிருந்து வர்றேன்," என்றான்.

பவளம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, "இன்னொரு பிடி அரிசி போடுங்கடி," என்றாள்.

அவ்வளவுதான் தீட்சை.

*

அவன் படித்தது மகளிர் கல்லூரி. இயற்பியல். முதல் வகுப்பில் தேறினான். கூடப் படித்தவர்கள் எல்லோரும் சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவனுடையது மட்டும் முதல்வர் அறை பீரோவில் இருந்தது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்களும் அதோடு கிடந்தன.

டிப்போ பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவன் டியூஷன் எடுத்தான். பி.எட். சேர்ந்து வாத்தியாராக வேண்டும் என்பது ஆசை. சான்றிதழ் இல்லாமல் யார் சேர்ப்பார்கள்?

"பிரின்சிபால் என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள் பவளம்.

"சேலை கட்டிக்கிட்டு வரணுமாம். பழைய பேருல கையெழுத்துப் போடணுமாம். போட்டா உடனே தர்றாங்களாம். அவங்க வீட்டுக்கே போய், கலெக்டர் கொடுத்த திருநம்பி அடையாள அட்டையைக் காட்டினேன். கையால தொடக்கூட இல்லை."

"நீ என்ன நினைக்கிற?"

"ஒரு மணி நேரம்தானேம்மா. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போயிட்டு வந்துட்டா முடிஞ்சது."

பவளம் கையைக் கழுவினாள். எழுந்து உள்ளே போனாள்.

*

வெகு நேரம் கழித்து உள்ளேயிருந்து ஓர் ஆள் வந்தார்.

பரிதியின் கட்டம் போட்ட சட்டை. மடித்துக் கட்டிய வேட்டி. முடியைச் சுருட்டித் துண்டுக்குள் மறைத்திருந்தார். நெற்றியில் பொட்டு இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. மூக்குத்தி இல்லை. வளையல் இல்லை.

பரிதிக்கு ஆளைத் தெரிய ஒரு கணம் ஆனது.

சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த, அந்த வீட்டுத் திருநங்கைகளில் ஒருத்தி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கிளம்பு," என்றாள் பவளம். "நானும் வர்றேன்."

"இது எதுக்கும்மா?"

"துணைக்கு."

"இப்படியா?"

"ஒரு மணி நேரம்தானே."

அவள் வாசல் வரை நடந்து காட்டினாள். நெஞ்சை நிமிர்த்தி, கையை வீசி, சின்ன வயதில் அப்பன் அடித்து அடித்துப் பழக்கிய நடை. தெருவில் போன பால்காரர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்.

பரிதியால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

"கழட்டிடுங்கம்மா."

"ஏன்?"

"என்னால பார்க்க முடியலை."

"அப்ப நீ சேலையில போறதை மட்டும் நான் எப்படிப் பார்ப்பேன்?" என்றாள் பவளம்.

*

பரிதி சட்டை பேண்ட்டோடு கல்லூரிக்குப் போனான்.

வாசலில் காவலாளி மறித்தார். "லேடீஸ் காலேஜ் தம்பி. ஆம்பளைங்க உள்ளே போகக்கூடாது."

"நான் இங்கதான் படிச்சேன்."

காவலாளி சிரித்தார். கேலியாக அல்ல. நல்ல நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்.

வெளியே நின்றபடி முதல்வருக்குப் போன் செய்தான். முதல்வர் கோமளவல்லிதான் எடுத்தார். இளம்பரிதி பேசுவதாகச் சொன்னான்.

"அந்தப் பேருல எங்க காலேஜ்ல யாரும் படிக்கலையேம்மா," என்றார். குரலில் கோபம் இல்லை. பரீட்சையில் தப்பாக எழுதிய பிள்ளையிடம் பேசுவது போலப் பேசினார். "நான் சொன்ன மாதிரி வா. இன்னிக்கே வாங்கிட்டுப் போ."

வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து பவளத்திடம் சொன்னான். "வாட்ச்மேன் ஆம்பளைன்னு உள்ளே விடலை. பிரின்சிபால் பொம்பளைன்னு சர்டிபிகேட் தரலை."

பவளம் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான்.

அந்த வாரமே உயர்கல்வி அலுவலகத்துக்கு மனு எழுதிப் போட்டான். இலவச சட்ட உதவி மையத்தில் இருந்த வக்கீல் அம்மா எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று சொல்லிக்கொடுத்தார். மனு ஊர்ந்து ஊர்ந்து போனது. அதற்குள் அந்த வருஷத்து பி.எட். சேர்க்கை முடிந்துவிட்டது. டியூஷன் பிள்ளைகளுக்கு ஒளிவிலகல் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் கடிதம் வந்தது. கல்லூரிக்கே ஓர் அதிகாரி வந்து விசாரிப்பார்.

பரிதிக்கு மகிழ்ச்சி வரவில்லை.

"என்னம்மா பிரயோஜனம்? அங்க பரிதின்னு என்னைத் தெரிஞ்சவங்க ஒருத்தர்கூட இல்லை. யாருமே படிக்கலைன்னு அவங்க சொன்னா, படிச்சான்னு சொல்ல யார் இருக்கா?"

பவளம் மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள்.

"உன் பேரு பரிதின்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"நான்தான் சொன்னேன்."

பவளம் மசாலா தடவுவதைத் தொடர்ந்தாள்.

பரிதி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

*

பானு வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம். மூன்று வருஷமும் ஆய்வகத்தில் அவனோடு ஒரே மேஜை. அவனுடைய சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதும் அவள்தான், காலி செய்வதும் அவள்தான். முடியை வெட்டிய மறுநாள் அவன் போன் நம்பரை மாற்றினான். அதன் பிறகு பேச்சே இல்லை. அவள் என்ன நினைப்பாளோ என்ற பயத்தில், நினைக்கவே விடாமல் ஓடியிருந்தான்.

கதவைத் திறந்தது பானுவின் மாமியார். "யாருப்பா?"

"பானுகூடப் படிச்சவன். பரிதின்னு சொல்லுங்க."

சொன்ன பிறகுதான், அந்தப் பெயர் பானுவுக்குத் தெரியாதே என்று உறைத்தது.

பானு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வாசற்படியில் நின்று பார்த்தாள். மீசை அரும்பிய முகத்தை, சட்டையை, மறுபடி முகத்தை.

"நான்…" என்று தொடங்கினான் பரிதி.

"தெரியுது," என்றாள் பானு. "நிக்கிற விதத்தைப் பார்த்தாலே தெரியுது. பேரு என்ன சொன்ன?"

"பரிதி. இளம்பரிதி."

"பரிதி," என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு அவளுக்குக் கண் கலங்கியது. "எத்தனை தடவை போன் பண்ணேன் தெரியுமா? செத்துட்டியோன்னு நினைச்சேன்."

"பயமா இருந்துச்சு."

"என்கிட்டயா?"

பானு குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு டீ போடப் போனாள்.

பரிதி சான்றிதழ் விஷயத்தைச் சொன்னான். டீ குடித்து முடிப்பதற்குள் வகுப்புத் தோழிகளின் வாட்ஸப் குழுவில் அவள் எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். ஒருத்தி உடனே குழுவை விட்டு வெளியேறினாள். சிலர் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். மற்றவர்கள், "என்னைக்கு வரணும்?" என்று கேட்டார்கள்.

*

விசாரணை நாள் காலையில் பரிதி பவளத்திடம் வந்தான்.

"நீங்களும் வாங்கம்மா."

"நான் வரலை."

"பக்கத்துல நீங்க நின்னா எனக்குத் தைரியமா இருக்கும்."

"நான் வந்தா எல்லாரும் என்னைப் பார்ப்பாங்க," என்றாள் பவளம். "இன்னிக்கு உன்னைப் பார்க்கட்டும்."

சட்டைக் காலரைச் சரிசெய்து அனுப்பினாள்.

*

விசாரணை முதல்வர் அறையில் நடந்தது. வந்த அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. அதிகம் பேசாதவர். அடையாள அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் படித்தார்.

"சட்டப்படி இவர் பேரை மாத்தித் தரணும். உங்களுக்கு என்ன தடை?" என்று முதல்வரிடம் கேட்டார்.

"மேடம், இது மகளிர் கல்லூரி. இங்க ஓர் ஆண் படிச்சார்னு நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு டிரஸ்ட்ல என்னைக் கேட்பாங்க. பெத்தவங்க கேட்பாங்க. எனக்கும் மேல ஆளிருக்காங்க. அதோட, இந்தப் பேருல இங்க யாரும் படிக்கவும் இல்லை."

அதிகாரி பரிதியைப் பார்த்தார்.

பரிதி கதவைத் திறந்தான். வராந்தாவில் அவர்கள் நின்றிருந்தார்கள். வங்கியிலிருந்து லீவு போட்டு வந்தவள், வெளியூரிலிருந்து பஸ் ஏறி வந்தவள், குழந்தையோடு வந்த பானு.

"இவர் யாரு?" என்று அதிகாரி கேட்டார்.

"பரிதி, மேடம். என் லேப் பார்ட்னர்," என்றாள் பானு. "ஸ்பெக்ட்ரோமீட்டர்ல எல்லா ரீடிங்கும் எடுத்தது இவன். எழுதினது மட்டும்தான் நான்."

"பரிதி. எனக்கு அரியர் கிளியர் பண்ணச் சொல்லிக்கொடுத்தான்."

மூன்றாவதாகப் பேசியவளுக்குப் பழக்கத்தில் பழைய பெயர் வாயில் வந்தது. பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். முகம் சிவந்துவிட்டது. பரிதியைப் பார்த்தாள். அவன் பரவாயில்லை என்று தலையசைத்தான்.

"பரிதி," என்றாள் அவள்.

அதற்குப் பிறகு யாருக்கும் தவறவில்லை. ஒவ்வொருத்தியாகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். கோமளவல்லி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அவர் பாடம் நடத்திய பிள்ளைகள்.

அதிகாரி பேனாவை எடுத்தார்.

*

மதிப்பெண் பட்டியல்கள் அன்றைக்கே கைக்கு வந்தன. பெயர் மாற்றிய பட்டம் பல்கலைக்கழகம் போய்த் திரும்பி வர இரண்டு மாதம் ஆனது. வந்துவிட்டது என்று கல்லூரியிலிருந்தே போன் செய்தார்கள்.

பரிதி போனபோது கோமளவல்லி தனியாக இருந்தார்.

"உட்காருங்க."

உட்கார்ந்தான்.

பட்டத்தை மேஜை மேல் வைத்து அவன் பக்கம் நகர்த்தினார். இளம்பரிதி. இயற்பியல். முதல் வகுப்பு. பரிதி அதைக் கையில் எடுக்கவில்லை. முதலில் பெயரைப் படித்தான். மறுபடி படித்தான். எழுத்துக்கள் கலங்கின. கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது முறையும் படித்தான்.

கோமளவல்லி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது," என்றார்.

"தெரியும் மேடம்."

"ஒளியியல் நான்தான் எடுத்தேன். முதல் பெஞ்ச்ல உட்கார்ந்து கேள்வி கேட்டே என்னைப் படுத்துவீங்க."

"இப்ப நான் எடுக்கிற டியூஷன்லயும் ஒரு பிள்ளை அப்படித்தான் மேடம். பதில் தெரியலைன்னா, உங்க கிளாஸ்ல நான் எழுதின நோட்ஸைத்தான் எடுத்துப் பார்க்கிறேன்."

கோமளவல்லி அவனை முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

"சேலை கட்டிக்கிட்டு வான்னு சொல்லியிருக்கக்கூடாது," என்றார் மெதுவாக.



மேஜை மேல் போன் அடித்தது. எடுக்காமலே பார்த்தார் கோமளவல்லி.

"டிரஸ்ட்லேர்ந்துதான். நீங்க இன்னிக்கு வர்றது அவங்களுக்குத் தெரியும்." கொஞ்சம் தயங்கினார். "கேட்டா நான் என்ன சொல்றது? நீங்களே சொல்லுங்க. இந்தக் காலேஜுக்கு நீங்க யாரு?"

பரிதி பட்டத்தை எடுத்து உறைக்குள் வைத்தான். எழுந்து நின்றான். வகுப்பு முடிந்து ஆசிரியர் கிளம்பும்போது நிற்பது போல, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

கோமளவல்லி எடுத்தார்.

"ஆமா சார்… இங்கதான் இருக்கார்… கொடுத்தாச்சு." அந்தப் பக்கம் நீளமாக ஏதோ பேசினார்கள். அவர் கேட்டுக்கொண்டார். கண் பரிதியை விட்டு நகரவில்லை.

"வெளியாள் எல்லாம் இல்லை சார்," என்றார். "என்கிட்ட படிச்ச பையன்."