கொள்ளுச் சுண்டல் சாட்சி

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. எந்த நாடு என்று கேட்காதீர்கள்; பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அந்த அரண்மனையில் நாழிகை சொல்லத் தனியாக ஆள் கிடையாது. மன்னரின் வயிறே அந்த வேலையைப் பார்த்துவிடும். விடிந்ததும் நெய்ப்பொங்கல், அது இறங்கி இரண்டு நாழிகை ஆகுமுன் போளி, வழக்கு விசாரணைக்கு நடுவில் வெல்லப் பணியாரம், உச்சிப்பொழுதில் பூப்போன்ற வெள்ளைச் சோறு என்று ஏழு வேளை நடக்கும். ஏழு வேளையும் முடித்துவிட்டு, "பசிக்கிறதே" என்பார். பொய்யில்லை ஐயா, அந்த மனிதருக்கு நிஜமாகவே பசிக்கும்.

அந்த அவையில் விகடம் பேசிப் பிழைத்தவர் பூவராகன். வாசற்படி தாண்டும்போது அவருடைய தொந்தி முதலில் உள்ளே போய் வணக்கம் சொல்லும். ஆள் கொஞ்சம் பின்னால் வருவார். அதைக் கேலி செய்ய அவர் யாரையும் விட்டதில்லை. அடுத்தவன் சொல்லுமுன் தானே சொல்லிவிடுவார்.

தொந்தி வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். அரண்மனைப் பந்தியில் மன்னர் இலையை மூடி எழுந்தால் எல்லாரும் எழுந்துவிட வேண்டும். மன்னரோ மெல்லுகிற வழக்கம் இல்லாதவர்; அள்ளுவார், விழுங்குவார், எழுவார். மற்றவர்களுக்கு அப்போதுதான் குழம்பு வந்திருக்கும். அதனால் பூவராகன் அங்கே முடிந்த மட்டும் வேகவேகமாக அடைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் முதலிலிருந்து இன்னொரு முறை சாப்பிடுவார். அரைச் சாப்பாடும் ஒரு முழுச் சாப்பாடும் சேர்ந்தால் தொந்தி வராமல் என்ன செய்யும்?

ஒருநாள் மன்னர் குதிரையேறப் போனார். குதிரை அவரைத் திரும்பிப் பார்த்தது. பார்த்துவிட்டு மெல்ல மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டது. அங்கிருந்த அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். பூவராகனும் பார்த்திருக்கலாம். தவளை தன் வாயால் கெடும் என்பது யாருக்காகச் சொன்னது?

"அரசே, குதிரை இரண்டு வேளை கொள்ளு தின்று நாள் முழுக்க ஓடுகிறது. நாம் ஏழு வேளை தின்றும் ஏற முடியாமல் நிற்கிறோம். யார் யாரைச் சுமப்பது என்று அதற்கே சந்தேகம் வந்துவிட்டது" என்றார். 'நாம்' என்று சொன்னது ஒரு பாதுகாப்புக்கு. அது உதவவில்லை. மன்னர் சிரிக்கவில்லை.

பக்கத்தில் நின்ற ஏகாம்பரனார் முகம் மலர்ந்தது. அவர் மடைப்பள்ளிக்குத் தலைவர். ஏழு வேளைச் சமையல் நடப்பதால் அவையில் ஏழு மடங்கு மரியாதை அவருக்கு. பூவராகன் பேச்சில் மன்னர் சிரித்துக்கொண்டே சாப்பிட்டு, பணியாரத்தைப் புகழ மறந்துவிடுகிறார் என்று அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல்.

"மன்னர் பெருமானே, இவ்வளவு அறிந்த பூவராகனார் நாளை ஒரே ஒரு இலைச் சாப்பாடு தாமே போடட்டும். காலையில் தாங்கள் உண்டால் விளக்கேற்றும் வரை பசிக்கக் கூடாது. தங்கள் திருவாயிலிருந்து 'பசி' என்று ஒரு சொல் வந்துவிட்டால் அன்றோடு அவருக்கு அரண்மனைப் பந்தியில் இலை கிடையாது. ஆயுள் முழுவதும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர்.

தலையை வெட்டுவேன் என்றிருந்தால்கூடப் பூவராகன் ஒரு வெற்றிலை போட்டுக்கொண்டு யோசித்திருப்பார். இலையை வெட்டுவேன் என்றதும் கண் கலங்கிவிட்டது. அரைகுறைப் பந்தியாக இருந்தாலும் அந்த வடையும் பாயசமும் வேறெங்கே கிடைக்கும்?

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் நேராகச் சமையற்கட்டுக்குள் போனார்.

"செங்கமலம், முறுக்குப் பானை எங்கே? எனக்குப் பசிக்குது."

"இப்பத்தானே அரண்மனையில சாப்பிட்டு வந்தீங்க?" என்றாள் அவர் மனைவி.

"கவலையில பசிக்குதுடி."

"பசிச்சா பழைய சோறு இருக்கு. பிழிஞ்சு வைக்கட்டா?"

"பழையது வேண்டாம். முறுக்கு குடு."

"அப்ப உங்களுக்குப் பசியில்லே. நாக்கு நமநமங்குது, அவ்வளவுதான்."

இருபது வருஷமாக அவள் இதைத்தான் சொல்லிவருகிறாள். இருபது வருஷமாக அவர் காதில் வாங்கியதில்லை. அன்றைக்கு வாங்கினார். முறுக்கையும் வாங்கிக்கொண்டார், அது வேறு விஷயம்.

மறுநாள் காலையில் மன்னர் இலையைப் பார்த்துத் திகைத்தார். நெய்ப்பொங்கலைக் காணோம், போளியைக் காணோம். கைக்குத்தல் சிவப்பரிசிச் சோறு, முருங்கைக்காயும் மொச்சையும் போட்ட குழம்பு, முருங்கைக்கீரை, ஒரு குவியல் கொள்ளுச் சுண்டல், அவித்த பனங்கிழங்கு நாலு, ஒரு செம்பு நீர்மோர். பந்தியில் எல்லாருக்கும் அதே இலைதான்.

"குதிரைத் தீனி" என்று முணுமுணுத்தார் ஏகாம்பரனார், எல்லாருக்கும் கேட்கும்படியாக.

மன்னர் வழக்கம்போல அள்ளி விழுங்கப் பார்த்தார். சிவப்பரிசி மெல்லாமல் இறங்க மாட்டேன் என்றது. முருங்கைக்காயை அவசரப்படுத்த எந்தச் சக்கரவர்த்தியாலும் முடியாது. ஒவ்வொரு துண்டாகப் பிளந்து, வழித்து, சக்கையை ஓரத்தில் வைக்க வேண்டும். பனங்கிழங்கு அதைவிடப் பிடிவாதக்காரன். தோலை உரித்து, நாரை இழுத்துப் போட்டு, தாடை வலிக்க மென்றால்தான் வழிவிடும். மூன்று நாழிகை ஆயிற்று. படைத்தலைவர் தன் இலை காலியானதைக் கண்ணால் கண்டது அன்றுதான் முதல் தடவை. மூன்றாவது கிழங்கில் மன்னர், "போதும்" என்றார். அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்ததில் அவருக்கே ஆச்சரியம்.

போளி வேளை போயிற்று. பணியார வேளையும் போயிற்று. மன்னர் இரண்டு வழக்குகளை முழுதாகக் கேட்டுத் தீர்ப்புச் சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்த பூவராகனுக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது. மன்னர் கொட்டாவிக்கு வாயைத் திறந்தால்கூட இவர் பாதி எழுந்துவிடுவார். உச்சிப்பொழுது தாண்டியது. வெயில் சாய்ந்தது. இன்னும் நாலு நாழிகைதான்.

அப்போது வந்தது வாசனை. அவை மண்டபத்துக்குக் காற்று வரும் பக்கமாக ஏகாம்பரனார் அடுப்பு மூட்டி, பசுநெய்யில் அதிரசம் சுடச் சொல்லியிருந்தார். பாகும் ஏலமும் நெய்யும் கலந்து சாளரம் வழியாக உள்ளே வந்து, மன்னரின் மூக்கைப் பிடித்துத் திருப்பின.

"பூவராகனாரே," என்றார் மன்னர் தயங்கித் தயங்கி, "பசிக்கிறது."

வாசலிலேயே காத்திருந்தவர்போல ஏகாம்பரனார் அதிரசத் தட்டோடு நுழைந்தார். "திருவாய் மலர்ந்தாயிற்று. சொல் வந்தால் போதும் என்பதுதான் பேச்சு. பூவராகனார் நாளை முதல் வேறு பந்தி பார்த்துக்கொள்ளட்டும்" என்றார்.

அந்த நிலையிலும் பூவராகன் வாயில் எச்சில் ஊறிற்று. அவர் நாக்குக்கு வெட்கம் என்பதே கிடையாது. எச்சிலை விழுங்கிவிட்டு எழுந்து கைகூப்பினார்.

"மறுக்கவில்லை அரசே. சொல் வந்தது, நான் தோற்றேன். ஆனால் பசி என்று சொன்ன அரசரைப் பட்டினியாக விட்டுப் போனால் பாவம் எனக்குத்தான். காலைச் சுண்டல் அரை அண்டா மிச்சமிருக்கிறது. தாங்கள் பசியாற உண்டு முடித்ததும் நான் கிளம்பிவிடுகிறேன்" என்று சொல்லி, அண்டாவைக் கொண்டுவந்து மன்னர் முன்னால் வைக்கச் செய்தார்.

மன்னர் அண்டாவைப் பார்த்தார். "அது வேண்டாம்."

"ஒரு பிடியாவது?"

"இடமில்லை ஐயா. காலையில் உண்டதே இன்னும் நெஞ்சில் நிற்கிறது."

"அப்படியானால் பசித்தது யாருக்கு, அரசே?"

மன்னரின் கண் அதிரசத் தட்டுக்குப் போயிற்று. பூவராகன் குரலைத் தாழ்த்தினார். "பசித்தவன் கொள்ளையும் தின்பான். அது வேண்டாம், இதுதான் வேண்டும் என்று கை காட்டுவது நாக்கு. அரசர் சொன்னது மெய்யாகவே பசி என்றால் இந்தச் சுண்டலை உண்டு காட்டட்டும், நான் போகிறேன். இல்லையென்றால் அந்தச் சொல்லைத் தாங்களே திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். அரசர் வாக்குப் பொய்த்தது என்று நாளை ஊர் பேசக் கூடாதல்லவா?"

அதிரசம் ஆறிக்கொண்டிருந்தது. மன்னர் அண்டாவையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சொல்லைத் திரும்பப் பெற்றோம்" என்றார். பிறகு, "இதை எந்த நூலில் கற்றீர்?" என்று கேட்டார்.

"கற்கவில்லை அரசே, வீட்டில் திட்டு வாங்கினேன். என் மனைவி செங்கமலம் இருபது வருஷமாகத் திட்டுகிறாள்." தொந்தியைத் தட்டிக் காட்டினார். "இதில் பசிக்காகச் சாப்பிட்டது கால்பங்கு தேறும். மிச்சமெல்லாம் முறுக்கு."

மன்னர் சிரித்தார் பாருங்கள், அரைக்கச்சை அவிழ்ந்துவிடுமோ என்று பிடித்துக்கொண்டு சிரித்தார். சுண்டல் அண்டா ஏகாம்பரனார் பக்கம் நகர்த்தப்பட்டது, அவரே காலி செய்ய வேண்டும் என்ற உத்தரவோடு. என்ன வரம் வேண்டும் என்று மன்னர் கேட்டதற்குப் பூவராகன் பொன் கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை. "இனிமேல் பந்தியில் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும் வரை தாங்கள் எழக்கூடாது" என்றார். மன்னர் கொடுத்துவிட்டார்.

மறுநாள் பந்தியில் எல்லாரும் நிதானமாக உண்டு முடித்தார்கள். மன்னர் கால் மரத்துப்போய்க் காத்திருந்தார். ஒரே ஒரு இலை மட்டும் மூடவில்லை. அந்த இலைக்காரர் மூன்றாம் முறை பாயசத்தை முடித்துவிட்டு அதிரசத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

"பூவராகனாரே, இன்னுமா பசி?"

"பசி அப்போதே எழுந்து கை கழுவப் போய்விட்டது அரசே. இப்போது உட்கார்ந்திருப்பது ஆசை. பாவம், தாமதமாக வந்தவன், பந்தியிலிருந்து எழுப்பலாமா?"

மன்னர் பரிமாறுகிறவனைப் பார்த்தார். "ஐயாவுக்கு முதலில் ஒரு கிண்ணம் கொள்ளுச் சுண்டல் வை. அதை முடித்தால் அதிரசம்."

பூவராகன் சுண்டலைப் பார்த்தார், மன்னரைப் பார்த்தார், பேசாமல் இலையை மூடிவிட்டு எழுந்தார். பந்தி முழுக்கச் சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் மன்னர். சிரித்து ஓய்ந்ததும், ஒரு பட்டுச்சேலையும் ஒரு கூடை அதிரசமும் வரவழைத்து, "இந்தப் பரிசு செங்கமலத்தம்மாளுக்கு" என்று பூவராகன் கையிலேயே கொடுத்தனுப்பினார்.

சேலை பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தது. கூடையைத் திறந்து பார்த்த செங்கமலம், "வழியில உங்களுக்குப் பசிச்சுதா?" என்று மட்டும் கேட்டாளாம்.