ஆத்தா எந்தக் கட்சி

பாவாத்தாள் விடியக்காலை செத்துப்போனாள். மூத்த மகன் பழனியப்பன் ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளர். இளையவர் நாச்சிமுத்துவுக்கு எதிர்க்கட்சியில் அதே பதவி. பிணத்தின்மேல் யார் கொடியைப் போர்த்துவது என்ற சண்டையில் உச்சிவெயில் ஏறிவிட்டது. கேட்டால் கொள்கை என்றார்கள்.

கடைசியில் கிராமத் தலையாரி மருதனைப் பிடித்தார்கள்.

"ஆத்தா எங்க கட்சிதான்னு சொல்லுடா. மாத்திச் சொன்னா ஊர்ல இருக்க மாட்டே," என்றார் மூத்தவர். இளையவரும் அதையேதான் சொன்னார்.

"நான் சொன்னா எடுபடுங்களா? வாக்காளர் பட்டியலைப் பார்த்துடலாங்க," என்று மருதன் போய் எடுத்து வந்தான். அதில் பாவாத்தாள் பெயரே இல்லை.

"ஆத்தா செத்துட்டாங்க, பேரை எடுத்துடுங்கன்னு மூணு வருசத்துக்கு முன்னாடியே மனு வந்துச்சுங்க. ஓட்டு அந்தப் பக்கம் போயிருமோன்னு பெரியவர் ஒண்ணு குடுத்தீங்க, சின்னவர் ஒண்ணு குடுத்தீங்க. ரெண்டையும் ஆபீசுக்குக் கொண்டுபோனது நான்தானுங்க."

மருதன் பட்டியலை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"அண்ணனும் தம்பியும் ஒத்துப்போனது அந்த ஒரு விசயத்துலதாங்க."

கொடி இல்லாமலே பாவாத்தாளைத் தூக்கிப்போனார்கள்.

மறுவாரம் மருதனை வேலையை விட்டு எடுக்கச் சொல்லித் தாலுகா ஆபீசுக்கு இரண்டு மனுக்கள் போயின.