ரிக்வெஸ்டும் டிமாண்டும்

செண்பகவல்லிக்கு ஈரோட்டில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் வேலை. சேலைப் பிரிவு. வயது ஐம்பத்திரண்டு. காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் சுருண்டு கிடந்தது.

உட்கார ஸ்டூல் கேட்டுத் தமிழில் எழுதிய மனு இரண்டு முறை திரும்பி வந்தது. தலைமை அலுவலகம் பெங்களூரில். இங்கிலீஷில் எழுதச் சொன்னார்கள்.

விடுமுறை நாளில் இங்கிலீஷ் வகுப்புக்குப் போனாள். சொல்லிக் கொடுத்த ஜெசிந்தாவுக்கு அவள் மகள் வயதுதான்.

ஆறு மாதம் கழித்துக் கடிதத்தை அவளே எழுதினாள். ஓரிடத்தில் பேனா நின்றது.

“டீச்சர், ரிக்வெஸ்டுன்னாலும் கேக்கறது, டிமாண்டுன்னாலும் கேக்கறது. என்னங்க வித்தியாசம்?”

ஜெசிந்தா செண்பகவல்லியின் கைப்பையை எடுத்துத் தன் மேஜைமேல் வைத்துக்கொண்டு, அடுத்தவர் நோட்டைத் திருத்தப் போனாள்.

வகுப்பு முடிந்தது. பை வரவில்லை.

“டீச்சர், பையைக் குடுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

“தயவுசெஞ்சுன்னு சொல்லலையேக்கா?”

“என் பைக்கு எதுக்குங்க தயவு?”

“உக்கார இடம் தரணும்னு சட்டம் இருக்கா?”

“இருக்குதுங்க.”

பஸ்ஸை விட்டுவிட்டு அந்த வார்த்தையை எழுதி முடித்தாள் செண்பகவல்லி.

பதினேழு பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். மேனேஜர் கூப்பிட்டார்.

“தெரியாம டிமாண்டுன்னு எழுதிட்டீங்க. ரிக்வெஸ்டுன்னு மாத்துங்க, அனுப்பறேன்.”

“தெரிஞ்சுதான் எழுதினேனுங்க சார். அப்படியே அனுப்புங்க.”

“வேலை போயிடும்.”

“போனா, எதுக்குப் போச்சுன்னு அதையும் இங்கிலீஷ்லயே எழுதுவேனுங்க.”

கடிதம் அப்படியே போனது. பன்னிரண்டாம் நாள் வேன் வந்தது. பதினேழு ஸ்டூல். பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். சேலை வாங்க வந்தவர்கள் ஒன்றும் புரியாமலே சேர்ந்து கைதட்டினார்கள்.

அடுத்த வகுப்புக்கு அரைக்கிலோ மைசூர்பாகோடு வந்தாள் செண்பகவல்லி. எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

“டீச்சர், இங்க எழுதறப்ப அந்த வார்த்தைகிட்ட பேனா நின்னுச்சு. மேனேஜர் முன்னால தயங்கவே இல்லீங்க. ஏன்?”

ஜெசிந்தா சிரித்தாள்.

“இங்க அது நான் சொல்லிக்குடுத்த வார்த்தை. அங்க அது உங்க வார்த்தைக்கா.”