அலுமினியம் தந்த முப்பது அடி

துளசிமணிக்கு முப்பத்தேழு வயது. பகலில் தபால் நிலையத்தில் வேலை, மாலையில் பேஸ்பால். அவளுடைய பயிற்சியாளர் பெர்னதெத் அவளைவிட எட்டு வயது இளையவள். மைதானத்துக்குள் இவள் அவளைக் ‘கோச்’ என்பாள். அவள் இவளை ‘அக்கா’ என்பாள்.

மாவட்டப் போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது கடிதம் வந்தது. இந்த வருடம் மரமட்டை மட்டும்தான். அலுமினிய மட்டைக்கு அனுமதி இல்லை.

துளசிமணி அன்றே மரமட்டையில் கொஞ்ச நேரம் அடித்துப் பார்த்தாள். பிறகு அதைத் தரையில் வைத்துவிட்டு வந்தாள்.

“கோச், என் பேரை எடுத்திருங்க.”

“ஏன்க்கா?”

“அலுமினியம் உள்ளே வெறும் கூடு. பந்து பட்டா லேசா அமுங்கி, திருப்பித் தள்ளும். மரம் கெட்டி. அது அமுங்காது, பந்துதான் நசுங்கும். எல்லாம் படிச்சுப் பார்த்துட்டேன். எனக்கு முப்பது அடி தூரம் போச்சு. தூரமா அடிப்பேன்னுதானே என்னைச் சேர்த்தீங்க?”

பெர்னதெத், அணியில் எல்லையோரம் நின்று பந்து பிடிக்கும் ரெஜினாவைக் கூப்பிட்டாள். மைதானத்தின் கடைசியில் போய் நிற்கச் சொன்னாள்.

“அலுமினியத்துல பத்துப் பந்து அடிங்கக்கா. அப்புறம் மரத்துல பத்து.”

பந்துகளை அவளே வீசினாள். அலுமினியத்தில் பட்டவை ‘டிங்’ என்று கிளம்பி உயரப் போய், வெகு தூரத்தில் இறங்கின. மரத்தில் பட்டவை ‘டொக்’ என்றன. முன்னாலேயே இறங்கிவிட்டன.

“பார்த்தீங்களா? முப்பது அடி.”

“ஆமாக்கா, இருக்கும்” என்ற பெர்னதெத், ரெஜினாவைப் பார்த்துக் கத்தினாள். “எத்தனை பிடிச்சே?”

“இருபதும்!”

“எது கஷ்டமா இருந்துச்சு?”

“எதுவுமில்ல கோச்! முதல் பத்துக்குப் பின்னால போய் நின்னேன். அடுத்த பத்துக்கு முன்னால வந்து நின்னேன்!”

துளசிமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருந்த கோபத்தில் அதை அடக்கிக்கொண்டாள்.

“இருந்தாலும் தூரம் குறையுதே கோச்.”

“குறையுதுக்கா. காலையில ஆறு மணிக்கு வந்திருங்க.”

மீதி நாட்களில் பெர்னதெத் ரெஜினாவை ஒவ்வொரு பந்துக்கும் ஒவ்வோர் இடத்தில் நிறுத்தினாள். “இப்ப அடிங்க” என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. துளசிமணி அடித்தாள். ரெஜினா பிடித்தாள். மூன்றாம் நாள் பந்துகள் ரெஜினா நிற்காத இடமாகப் பார்த்து விழுந்தன; அவளுக்கு மூச்சு வாங்கியது.

போட்டியில் கடைசி ஆட்டத்தின் கடைசிச் சுற்று. துளசிமணியின் அணி ஒரு ரன் பின்தங்கியிருந்தது. இரண்டு பேர் அவுட். இன்னும் ஒரு கேட்ச் கொடுத்தால் எல்லாம் முடிந்தது. மூன்றாம் பேஸில் அவள் அணியைச் சேர்ந்த ஒருத்தி, ஹோம் பிளேட்டுக்கு ஓடி வந்து ரன் எடுக்கக் காத்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இரண்டாம் பேஸில் அதே அணியின் மும்தாஜ்.

துளசிமணி மட்டையோடு வந்தாள். அவள் பெயர் எதிரணிக்குத் தெரியும். எல்லையோரம் நின்ற மூவரும் பின்னால் போனார்கள். அங்கிருந்து இன்னும் பின்னால் போனார்கள்.

துளசிமணி அவர்களைப் பார்த்தாள். அவர்களுக்கு முன்னால் கிடந்த காலி இடத்தையும் பார்த்தாள்.

பந்து வந்தது. முழு பலத்தோடு வீசாமல், மட்டையை அளவாகக் கொடுத்தாள். உள்வட்டத்தில் நின்றவளின் தலைக்கு மேலே ஒரு முழம் தாண்டி, பந்து அந்தக் காலி இடத்தில் விழுந்து உருண்டது. மூவரும் முன்னால் ஓடி வந்தார்கள். அதற்குள் முதல் ரன் வந்துவிட்டது. பின்னாலேயே மும்தாஜ் மண்ணில் சறுக்கிக்கொண்டு வந்து ஹோம் பிளேட்டைத் தொட்டாள்.

மைதானமே கத்தியது. ரெஜினா துளசிமணியைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தார்கள்.

முகமெல்லாம் புழுதியோடு எழுந்து வந்து துளசிமணி கேட்டாள்.

“கோச், அந்தப் பந்து எத்தனை அடி போயிருக்கும்?”

“தெரியலையேக்கா” என்றாள் பெர்னதெத். “நான் மும்தாஜைத்தான் பார்த்துட்டு இருந்தேன்.”